ஜொகூருக்குக் குடி போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 49, சிங்கப்பூர்க் குடிமகன். ஈசூனில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மனைவியோடு ஜொகூர் பாருவில் குடியேற நினைக்கிறேன். வேலையை இன்னும் விடவில்லை. சரிவருமா?

பதில்: வாடகை, சாப்பாடு எல்லாம் மலிவு, சரி. ஆனால் விசா இல்லாமல் மலேசியாவில் ஒரு முறைக்கு 30 நாள்தான், மாதாமாதம் சிங்கப்பூர்-ஜொகூர் பாலத்தைத் தாண்டி வந்து மறுபடி நுழைவதற்குப் பெயர் குடியிருப்பது இல்லை. நீண்ட நாள் தங்க விசா தரும் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில் 2024 விதிப்படி வெள்ளிப் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை கட்டி, 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் வீடும் வாங்க வேண்டும். கையில் அவ்வளவு இருக்கிறதா? வீவக வீட்டில் 5 வருடம் குடியிருந்து முடித்திருந்தால்தான் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியும். அப்புறம் வைத்தியச் செலவு, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்: அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது.

பாலம் 1 கிலோமீட்டர்தான். விடியற்காலை 5 மணிக்கு மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு நின்றால்தான் அதன் நீளம் தெரியும். முதலில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கி, ஒரு வாரமாவது அங்கிருந்து 170ஆம் எண் பஸ்ஸில் வேலைக்குப் போய்ப் பாருங்கள்.