போர்க்களத்திலிருந்து மணல் மேசைக்கு: கர்னல் பார்க்கர்

"அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் போர்வீரராகவும் பள்ளி நிர்வாகியாகவும் வாழ்ந்தவர்களுள் யாருடைய வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும்?" என்பது கேள்வி. தொடக்கப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவன் என்ற முறையில் தயக்கமின்றி நான் சொல்லும் பெயர், சிகாகோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நடத்திய பிரான்சிஸ் வேலண்ட் பார்க்கர்.

பிறந்தது நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில், 1837ஆம் ஆண்டு. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, எட்டு வயதில் ஒரு விவசாயியிடம் வேலைக்கு ஒப்படைக்கப்பட்ட அவருக்குக் குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டுமே பள்ளி வாய்த்தது. மண்ணையும் மரத்தையும் விலங்கையும் பார்த்துக் கற்றதைப் பண்ணை தந்த கல்வியாகவே அவர் பிற்காலத்தில் மதித்தார். இந்தத் தொடக்கத்தை அறியாமல் அவருடைய பிற்காலச் சீர்திருத்தங்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. பதினாறு வயதளவில் ஆசிரியரானார். இருபதுகளின் தொடக்கத்தில் இல்லினாய் மாநிலத்தின் காரல்டன் ஊரில் பள்ளித் தலைமை ஏற்றார்.

1861இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் ஊர் திரும்பி, நியூ ஹாம்ப்ஷையரின் நான்காவது படைப்பிரிவில் சேர்ந்து லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். 1864 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் டீப் பாட்டம் என்னுமிடத்தில் நடந்த சண்டையில் அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது. குரலை நம்பிப் பிழைக்கும் ஆசிரியருக்கு அது எத்தகைய காயம் என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் உணர்வார்கள். போர் முடிந்ததும் அவர் நாடிச் சென்றது மீண்டும் பள்ளியைத்தான். 'கர்னல்' என்ற பட்டம் மட்டும் கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1868இல் ஓஹையோவின் டேட்டன் நகருக்குச் சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். பின்னர், அத்தை விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1872இல் ஜெர்மனிக்குப் போய்க் கல்விக் கோட்பாடுகளைப் படித்தார். அவர் அங்கே இருந்த காலத்தில், மாசச்சூசெட்ஸின் குவின்சி நகரப் பள்ளிக் குழுவினர் 1873இல் தேர்வுகளைத் தாங்களே நேரில் நடத்தி அதிர்ச்சியடைந்தார்கள். இலக்கண விதிகளை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகளுக்குச் சாதாரணக் கடிதம் ஒன்றை எழுதத் தெரியவில்லை. பாடநூலைத் தடையின்றிப் படித்தவர்கள், முன்பின் பாராத பக்கத்தைக் கொடுத்தால் தடுமாறினார்கள். அந்தப் பள்ளிகளைச் சீர்செய்யத்தான் 1875இல் பார்க்கரைக் கண்காணிப்பாளராக அமர்த்தினார்கள்.

குவின்சியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, என் வகுப்பில் 'எழுவாய் என்றால் என்ன' என்பதற்குப் பிசகின்றி விடை சொல்லிவிட்டு, ஊரிலிருக்கும் பாட்டிக்கு நான்கு வரி எழுதச் சொன்னதும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த ஒரு சிறுமியின் முகம் என் கண்முன் வந்தது. அவளுக்கு நானும் இலக்கணத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பார்க்கரை விடாமல் படித்துவருகிறேன்.

1883இல் சிகாகோவை ஒட்டிய எங்கிள்வுட்டில் இருந்த குக் கவுண்டி நார்மல் பள்ளியின் முதல்வரானார். ஆசிரியர்களை உருவாக்கும் அந்த நிறுவனத்தோடு சேர்ந்தே பிள்ளைகள் படிக்கும் பயிற்சிப் பள்ளியும் இயங்கியது. அங்கே புவியியல் வகுப்பில் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்து ஊர்ப்பெயர்களை ஒப்பிக்கவில்லை. வெளியே நடந்து சென்று மேட்டையும் பள்ளத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துவிட்டு வந்து, மேசைமீது பரப்பிய ஈர மணலில் அவற்றைக் கையால் உருவாக்கினார்கள். மலைச்சரிவை விரலால் அழுத்தி உண்டாக்கிய பிள்ளைக்கு ஆறு ஏன் இந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தனியே விளக்க வேண்டியதில்லை. கண்டதைப் பிள்ளைகள் எழுத, அந்த எழுத்து அச்சாகி அவர்களுக்கே வாசிப்புத் தாளாகத் திரும்பி வந்தது.

படையை நடத்தியவர் பள்ளியையும் படைமுகாமாக்குவார் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். பார்க்கர் பிரம்படியை ஏற்கவில்லை. மதிப்பெண்ணையும் பரிசையும்கூடக் குழந்தைக்குக் கொடுக்கும் லஞ்சமாகவே கருதினார். பிள்ளை தன் வேலையில் ஆழ்ந்திருப்பதிலிருந்து பிறக்கும் ஒழுங்கே அவர் விரும்பிய ஒழுங்கு.

நிர்வாகியாக அவர் பட்ட பாட்டைப் பலரும் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டவும் கணக்குப் போடவும் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை; பணத்துக்காகவும் பதவி நீடிப்புக்காகவும் மாவட்ட வாரியத்தோடு மீண்டும் மீண்டும் போராட நேர்ந்தது. பதினாறு ஆண்டுகள் அதைத் தாங்கிக்கொண்டு, தம்மிடம் பயின்ற ஆசிரியர்கள் புதியதை முயன்றுபார்க்க இடமளித்தாரே, அதையே நான் அவருடைய முதன்மையான சாதனையாகக் கருதுகிறேன். மணல் மேசையை எந்தப் பள்ளியும் வாங்கிவிடலாம். அதன் முன் நிற்கும் ஆசிரியருக்கு வாரியத்தின் வசவு போய்ச் சேராமல் இடையில் நிற்க ஒருவர் வேண்டும்.

தத்துவவாதி ஜான் டூயி சிகாகோவுக்கு வந்தபோது தம் பிள்ளையைப் பார்க்கரின் பள்ளியில்தான் சேர்த்தார். முற்போக்குக் கல்வி இயக்கத்தின் தந்தை என்று சொல்லத்தக்கவர் பார்க்கரே என்றும் பின்னாளில் எழுதினார். 1899இல் அனிதா மெக்கார்மிக் பிளேன் அம்மையாரின் பொருளுதவியால் பார்க்கர் தனியாக ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். அது 1901இல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார். எங்கிள்வுட்டில் அவர் நடத்திய நார்மல் பள்ளிதான் இன்றைய சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது.