சேட்டைக்காரப் பையனும் ஏ.டி.எச்.டி.யும்: களக்காட்டுத் தாய்க்கு ஒரு பதில்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்புப் படிக்கிறான். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்குள் எழுந்து ஓடுகிறான். பென்சில், தண்ணீர்ப் பாட்டில், செருப்பு என்று எதையாவது தொலைத்துக்கொண்டே இருக்கிறான். வரிசையில் நிற்காமல் மற்ற பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறான். ஆனால் செல்போனைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறான். பள்ளியில், "ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். என் மாமியாரோ, "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், வளர்ந்தால் சரியாகிவிடும், மனநல டாக்டரிடம் போனால் பிள்ளை பேர் கெட்டுப்போகும்" என்கிறார். அடித்தும் பார்த்தாகிவிட்டது. மாத்திரை கொடுத்தால் மந்தமாகிவிடுவானா? நாங்கள் எங்கே போக வேண்டும்? – களக்காடு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு தாய்.

பதில்: "அடித்தும் பார்த்தாகிவிட்டது" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். வரிசையில் நிற்க வேண்டும், எழுத்தைப் பாதியில் விட்டு ஓடக் கூடாது என்று பிள்ளைக்குப் புரியவைக்கத்தான் அடிக்கிறோம். ஆனால் அவன் அமைதியாக இருக்கும் ஒரு வேளையில் பக்கத்தில் உட்காரவைத்து, வரிசையில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். காரணத்தோடு சரியாகவே சொல்லுவான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) உள்ள குழந்தைக்கு விதி தெரியும். தெரிந்த விதியைத் தேவைப்படும் நொடியில் நினைவுக்குக் கொண்டுவந்து, எழுந்த வேகத்தை அடக்கி, அதன்படி நடந்துகொள்ளும் திறன்தான் வயதுக்கேற்ற அளவில் அவன் மூளையில் முதிராமல் இருக்கிறது. ஆகவே அடி அவனுக்கு ஏற்கனவே தெரிந்ததையே மறுபடியும் சொல்கிறது. கூடவே, தான் ஒரு கெட்ட பிள்ளை என்ற எண்ணத்தையும், மாட்டிக்கொள்ளாமல் பொய் சொல்லும் பழக்கத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நம் பகுதியில் சில குடும்பங்களில் இன்னும் பயமுறுத்தவும் சூடு போடவும் செய்கிறார்கள் என்பதை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலில் வேண்டிக்கொள்வதையோ கையில் கயிறு கட்டுவதையோ நான் தடுக்கவில்லை; பிள்ளையின் உடம்பில் கை வைக்கும் எதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மகனுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி.தானா என்பதைக் கடிதத்தை வைத்து நான் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதை உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது என்பதால், வேறு காரணத்துக்காக மருத்துவர் கேட்டாலன்றி அவற்றுக்காகக் கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் குறைந்தது 6 மாதமாக நீடிக்கின்றனவா, 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா, அவற்றால் படிப்போ நட்போ உண்மையிலேயே பாதிக்கப்படுகின்றனவா என்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். பள்ளியில் மட்டும் இப்படி, வீட்டிலும் விடுமுறையிலும் எந்தத் தொல்லையும் இல்லை என்றால், முதலில் பள்ளியில் அவனுக்கு என்ன நேர்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதே தோற்றத்தைத் தரக்கூடிய வேறு காரணங்களும் உண்டு. அவற்றை விலக்காமல் பெயர் சூட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. காதில் நீர் கோத்துச் சரியாகக் கேட்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையாகத் தெரியும். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் பக்கத்துப் பையனின் நோட்டைத்தான் எட்டிப் பார்ப்பான். அடினாய்டு என்ற, மூக்கின் பின்புறமுள்ள சதை வீங்கி இரவெல்லாம் குறட்டை விட்டு வாயால் மூச்சுவிடும் குழந்தை, தூக்கம் போதாமல் பகலில் சிடுசிடுப்பும் துறுதுறுப்புமாக இருக்கும். சில நொடிகள் கண் நிலைகுத்தி, தொட்டாலும் உணராமல் இருந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால், அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். அப்படிப் பார்த்தால் செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள கற்றல் குறைபாடு, வீட்டில் குடியும் சண்டையும் தரும் பயம் ஆகியவையும் விசாரிக்கப்பட வேண்டியவை. கற்றல் குறைபாடு பல குழந்தைகளிடம் ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்தே இருக்கும்.

செல்போனை இரண்டு மணி நேரம் பார்ப்பவனுக்குக் கவனக்குறைவு எப்படி இருக்கும் என்ற உங்கள் குழப்பம் நியாயமானது. ஆசிரியர்களும் இதையேதான் கேட்கிறார்கள். நொடிக்கொரு காட்சியும் உடனுக்குடன் பரிசும் தரும் திரை, கவனத்தைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை எதையும் முயன்று செய்ய வேண்டியதில்லை. சலிப்பூட்டும் வாய்ப்பாட்டின் மேல் தானே முயன்று கவனத்தை நிறுத்துவதுதான் அவனுக்கு இயலாதது. செல்போன் இந்தக் குறைபாட்டை உண்டாக்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இலேயே இத்தகைய குழந்தைகளை விவரித்திருக்கிறார். ஆனாலும் செல்போன் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரவு உணவுக்குப் பிறகு வீட்டில் யார் கையிலும் செல்போன் இல்லாதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதி மிகவும் உண்மை. ஏ.டி.எச்.டி. குடும்ப வழியில் வருவது. அதில் மரபணுக்களின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. இது உங்கள் வளர்ப்பின் பிழையால் வந்ததல்ல என்பதற்கும் அதுவே சான்று. வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற மறுபாதியைத்தான் ஏற்க முடியவில்லை. ஓட்டமும் குதிப்பும் வயதோடு குறையலாம். கவனச் சிதறலும் அவசரமும் பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கின்றன. காத்திருக்கும் ஆண்டுகளில் பிள்ளை படிப்பில் இழப்பதும், ஊர் அவனுக்குச் சூட்டும் பெயரும் எளிதில் திரும்பி வரமாட்டா. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் நூறாண்டுக்கு முன்பே பள்ளிகள் கண்ட மண் இது. கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இரங்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திமிர் என்று எண்ணிவிடுகிறோம்.

எங்கே போவது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. மனநலம் என்ற சொல்லுக்கு வீட்டில் எதிர்ப்பு இருக்குமானால் குழந்தைகள் நலப் பிரிவிலிருந்தே தொடங்கலாம். தேவையானால் அவர்களே மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருவதுண்டு. எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொண்டால் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும். அதுவரை பேசுவதற்கு ஒருவர் வேண்டுமென்றால் 14416 என்ற, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முதல் நாள் போகும்போது இரண்டு பள்ளி நோட்டுகளையும் மதிப்பெண் அட்டையையும், வகுப்பாசிரியர் தாம் கண்டதை எழுதிய ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த அறையில் புது இடத்தின் கூச்சத்தால் உங்கள் மகன் அடக்கமாக உட்கார்ந்திருக்கக்கூடும்; மருத்துவர் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதிருக்க இவை உதவும்.

மாத்திரையைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சிதான் முதல் சிகிச்சை. உங்கள் மகனின் வயதில், பாதிப்பு அதிகமாக இருந்தால், மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் அல்லது அட்டொமாக்செட்டின் என்ற மருந்தைப் பரிந்துரைக்கலாம். முதலாவது உடனே வேலை செய்து சில மணி நேரத்தில் விலகிவிடும். இரண்டாவதன் பலன் முழுமையாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும். மெத்தில்ஃபெனிடேட் வகை மருந்துகள் பத்தில் ஏறத்தாழ ஏழு குழந்தைகளுக்கு நல்ல பலன் தருகின்றன. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, சில நேரம் தலைவலி, வயிற்றுவலி ஆகியவை பக்கவிளைவுகள். அதனால் காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுத்துவிட்டு மாத்திரை கொடுப்பதும், எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது அளப்பதும் அவசியம். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் இதய நோயால் இறந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவக் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளும் குழந்தைகள் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாகும் வாய்ப்பு இதனால் கூடுவதில்லை. பிள்ளை கலகலப்பை இழந்து மந்தமாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் அளவு கூடியதன் அடையாளம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வீட்டில் செய்ய வேண்டியது உண்டு. பத்துக் கழித்தல் கணக்கு வீட்டுப்பாடமாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாளை மடித்து இரண்டு கணக்கு மட்டும் கண்ணில் படும்படி அவன் முன் வையுங்கள். இரண்டும் முடிந்ததும் எழுந்து ஓட அனுமதி உண்டு: ஒரு செம்பு தண்ணீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிட்டு வரட்டும். வந்ததும் ஒரு தம்ளரில் ஒரு புளியமுத்தைப் போடச் சொல்லுங்கள். அடுத்து இரண்டு கணக்கு. ஐந்து முத்துச் சேர்ந்தால் அன்று மாலை அப்பாவோடு சைக்கிளில் ஒரு சுற்று, ஐம்பது சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை பச்சையாற்றில் குளியல். போட்ட முத்தை எந்தக் கோபத்திலும் திரும்ப எடுக்காதீர்கள். "ஒழுங்காக இரு" என்பது அவன் காதில் விழுந்தாலும் அதை வைத்து அவனால் ஒன்றும் செய்ய முடியாது. தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, "நோட்டைப் பையில் வை" என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள், செய்ததும் அந்த இடத்திலேயே பாராட்டுங்கள். நாளைக்குத் தருவதாகச் சொல்லும் பரிசு இந்தப் பிள்ளைகளுக்குப் பலிப்பதில்லை.

பள்ளி டி.சி. என்று மிரட்டுவது சரியல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, குழந்தையை வெளியேற்றக் கூடாது. அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் தடுக்கப்பட்டுள்ளன. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தகைய பள்ளியாக இருந்தால் பேச்சுவழியே நல்லது. எந்தப் பள்ளியானாலும், சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவதைவிட உதவி கேட்டுப் போவதே பெரும்பாலும் பலிக்கும். முன் வரிசையில், சன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி ஓர் இடம், நடுவே எழுந்து நடக்க நோட்டுகளைப் பரிமாறும் வேலை, நாள் முடிவில் ஒரு நல்ல செய்தியாவது எழுதிய சிறு அட்டை ஆகியவற்றைக் கேளுங்கள். வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரின் வழிகாட்டலையும் பள்ளி கேட்டுப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை; கற்றல் குறைபாடு இடம்பெற்றிருக்கிறது. பரிசோதனையில் அதுவும் இருப்பது தெரிந்தால் சான்றிதழ் பெற்று, பின்னாளில் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

முதல் நாள் மருத்துவமனைக்கு உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். சிறு வயதில் தாம் எப்படி இருந்தார் என்று அவர் வாயால் சொல்வது மருத்துவருக்கு உதவும். பொருள்களைத் தொலைப்பதும், வேலையைத் தொடங்கி முடிக்க முடியாமல் திணறுவதும் இன்றும் அவருக்கு இருந்தால், அவரும் அங்கேயே ஆலோசனை பெறலாம், பெரியவர்களுக்கும் சிகிச்சை உண்டு. உங்களுக்கே தூக்கம் கெட்டு, அழுகை வந்து, பிள்ளையைப் பார்த்தாலே எரிச்சல் வரும் நாள்கள் இருக்கின்றன என்றால் அதையும் மறைக்காமல் அதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.