வெளியானபோது யாரும் கண்டுகொள்ளாமல், பிறகு உலகப் புகழ் பெற்ற ராக் பாடல் ஏதாவது உண்டா?

ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'க்ரீப்'. என்னைக் கேட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

1992 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளியானது. விற்பனைப் பட்டியலில் 78-ஆம் இடத்தோடு சரி. பிபிசி ரேடியோ 1-க்கு இது அளவுக்கு மீறிய சோகமாகப் பட்டதால் அதிகம் ஒலிபரப்பவில்லை. பாடலைத் தூக்கிவிட்டது வெளியூர் வானொலிகள்தான். இஸ்ரேலில் ராணுவ வானொலியின் யோவ் குட்னர் இதை ஓயாமல் போட்டார், அங்கே ஹிட். இசைக்குழு 1993-இல் டெல் அவிவுக்கே போய் வாசித்துவிட்டு வந்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் லைவ் 105 வானொலி கையிலெடுக்க, மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவியது. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 2-ஆம் இடம், எல்லா வகைப் பாடல்களுக்குமான ஹாட் 100 பட்டியலில் 34. இவ்வளவும் நடந்த பிறகு, 1993 செப்டம்பரில் இங்கிலாந்தில் மறுபடி வெளியிட்டார்கள். ஒரு வருடம் முன்பு வேண்டாம் என்ற அதே ஊரில் இப்போது 7-ஆம் இடம்!

பதிவான விதம் இதைவிட வேடிக்கை. ஸ்டூடியோவில் எடுக்க வந்தது வேறு பாடல்களை. ஒத்திகையில் இதை வாசித்துவிட்டு, பாடகர் தாம் யார்க் "எங்கள் ஸ்காட் வாக்கர் பாட்டு" என்றாராம் (வாக்கர் அறுபதுகளில் புகழ்பெற்ற பாடகர்). தயாரிப்பாளர்கள் ஸ்லேடும் கோல்டெரியும் அதை நிஜமாகவே வாக்கரின் பாட்டு என்று நம்பிவிட்டார்கள். மற்றவை சரியாக வராதபோது, சூழலை மாற்ற இதை வாசிக்கச் சொன்னார்கள். முடிந்ததும் அங்கிருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள்.

பல்லவிக்கு முன்னால் 'க்ர்ரக், க்ர்ரக்' என்று கிட்டார் உறுமுமே, அது ஜானி கிரீன்வுட்டின் கைவரிசை. பாட்டு இத்தனை அமைதியாகப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, கெடுக்கத்தான் ஓங்கி அடித்தார் என்று சக கிட்டார் கலைஞர் எட் ஓ'பிரையன் சொல்லியிருக்கிறார். அந்த அடி இல்லாவிட்டால் பாட்டு பாதிகூடத் தேறியிருக்காது என்பது என் கட்சி.

பாட்டு முழுக்க நாலே கார்டுதான் (chord, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு): ஜி, பி, சி, சி மைனர். கர்னாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ஜி-யை ஸட்ஜமாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு இழை பஞ்சமத்தில் தொடங்கி சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம் என்று ஏறி, மறுபடி சுத்த தைவதத்துக்கே சறுக்கும். நெஞ்சைப் பிசைவது அந்தச் சறுக்கல்தான். இதே கார்டு வரிசை ஹோலிஸ் குழு 1974-இல் பிரபலமாக்கிய 'தி ஏர் தட் ஐ ப்ரீத்'திலும் உண்டு. அதனால் அதை எழுதிய ஹாமண்ட், ஹேசல்வுட் இருவர் பெயரும் 'க்ரீப்'பின் பாடலாசிரியர் பட்டியலில் சேர்ந்தது. நியாயம்தான், அடுத்தடுத்துக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

புகழ் குழுவுக்குத்தான் சுமையானது. கச்சேரிக்கு வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்தக் கடுப்பில் 1994-இல் 'மை அயர்ன் லங்' என்று ஒரு பாட்டே எழுதினார்கள். பிறகு பல வருடம் மேடையில் 'க்ரீப்'பைத் தொடுவதே அபூர்வம். 2009-க்குப் பின் அடியோடு விட்டிருந்தவர்கள், 2016-இல் பாரிஸ் கச்சேரியில் திடீரென்று வாசித்தார்கள்.