பொம்மை ரயிலுக்கு அரை நாளா?

கேள்வி: ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் போகிறோம். ரயில் என்றால் உயிரை விடும் ஏழு வயது மகனுக்காக மினியேட்டர் வுண்டர்லேண்டுக்கு அரை நாள் ஒதுக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக, முடிந்தால் முழு நாளே ஒதுக்குங்கள் அம்மா. பிரடெரிக், கெரிட் என்ற இரட்டையர்கள் 2001-இல் பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றில் திறந்துவைத்த பொம்மை ரயில் உலகம் அது; எல்லாமே 1:87 அளவு, அதாவது ஆள் உயரமே இரண்டு சென்டிமீட்டர்தான், ஆனால் தண்டவாளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல்! ரயிலோடு நின்றுவிடாதீர்கள். சாலையில் கார்கள் தானாக ஓடும், பாதைக்கு அடியில் புதைத்த கம்பியை வண்டியின் முன்பக்கக் காந்தம் பிடித்துக்கொண்டே போகிறது, இதைப் பையனுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் பார்க்கச் சொல்லுங்கள், அங்கிருந்து நகரவே மாட்டான். விமான நிலையத்தில் விமானம் ஓடுபாதையில் ஓடி மேலேறும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருட்டிவிடும், ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள் எரியும், எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும், அதனால் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள்.