பேஸை விக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன்

கேள்வி: எனக்கு 33 வயசு. எட்டு வருஷம் ஒரு புளூஸ் ராக் பேண்ட்ல பேஸ் கிட்டார் வாசிச்சேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க கிட்டாரிஸ்ட் வேற ஆளுங்கள சேத்துக்கிட்டார், எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு, அவ்ளோதான். இப்ப மாமாவோட ஹார்டுவேர் கடைல கணக்கு பாக்குறேன். பழைய டிரம்மர் மட்டும் அப்பப்ப வாசிக்க கூப்பிடுவான், வெக்கமா இருக்கு, போறதில்ல. பேஸ் இருந்தாலும் இல்லாட்டியும் யாருக்கு தெரியப்போகுதுன்னு வீட்ல கேக்குறாங்க. வித்துடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்க லெட்டரை படிச்சதும் எனக்கு டாமி ஷானன்தான் ஞாபகம் வந்தார், அவரும் உங்கள மாதிரி பேஸ் வாசிக்கிறவர். 1946-ல பொறந்து டெக்சாஸ்ல டூமாஸ்ங்கிற சின்ன ஊர்ல வளந்தவர். 'அங்கிள்' ஜான் டர்னர்னு ஒரு டிரம்மர் இவரை ஜானி வின்டர்ங்கிற புளூஸ் கிட்டாரிஸ்ட்கிட்ட கூட்டிட்டு வந்தார், மூணு பேர் பேண்ட், 1969-ல அமெரிக்காவுல நடந்த உட்ஸ்டாக்ங்கிற பெரிய இசை விழாவுல நடுராத்திரி மேடை ஏறுனாங்க, அப்ப இவருக்கு வயசு 23. அடுத்த வருஷமே ஜானி வேற பேண்டோட போயிட்டார். உங்களுக்கு மெசேஜாவது வந்துச்சு.

அதுக்கப்புறம் பத்து வருஷம் சொல்லிக்கிற மாதிரி இல்ல. போதை, போலீஸ், கோர்ட்டு. கடைசியா ஹூஸ்டன்ல கொத்தனார் வேலை, செங்கல் அடுக்கிட்டு இருந்தார். உட்ஸ்டாக்ல வாசிச்ச கை அது. (உங்க கடைல சிமெண்ட் கணக்கு பாக்குறதுக்கு ஏன் இவ்ளோ கூச்சப்படுறீங்கன்னு எனக்கு புரியல.)

1980 வாக்குல ஒருநாள் ஹூஸ்டன்ல ஒரு கிளப்புக்கு ஸ்டீவி ரே வான்ங்கிற புளூஸ் கிட்டாரிஸ்ட் வாசிக்கிறத கேக்கப் போறார். ஸ்டீவிய சின்னப் பையனா இருந்தப்பவே தெரியும். கேட்டுட்டு இருக்கும்போதே மனசுக்குள்ள, நம்ம இடம் அந்த மேடைதான்னு தோணிருக்கு, அதை வெக்கப்படாம ஸ்டீவிகிட்டயே போய் சொல்லிட்டார். அப்ப அந்த பேண்ட்ல வேற பேஸிஸ்ட் இருந்தார், அது நியாயமான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. 1981 ஜனவரில ஸ்டீவியோட பேண்டான டபுள் டிரபிள்ல சேந்துட்டார், டிரம்ஸ் கிறிஸ் லேட்டன்.

மறு வருஷம் ஜூலைல சுவிட்சர்லாந்துல மான்ட்ரோ ஜாஸ் விழா, கூட்டத்துல ஒரு பக்கம் கூச்சல் போட்டு கேலி பண்ணாங்க. ஆனா அங்கதான் பாடகர் டேவிட் போவி இவங்கள பாத்தார், இன்னொரு பாடகர் ஜாக்சன் பிரவுன் வந்து தன் ஸ்டுடியோவ காசில்லாம தரேன்னார். அந்த நவம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் போய் மூணே நாள்ல, மூணு பேரும் ஒண்ணா உக்காந்து வாசிச்சத அப்படியே பதிவு பண்ணி முடிச்சாங்க, 1983-ல வந்த 'டெக்சாஸ் ஃப்ளட்' ஆல்பம் அதுதான்.

பேஸ் இல்லாட்டி யாருக்கு தெரியும்னு கேட்ட உங்க வீட்டாளுங்களுக்கு அந்த ஆல்பத்தை போட்டுக் காட்டுங்க. மூணு பேர் பேண்ட்ல கிட்டாரிஸ்ட் சோலோவுக்குள்ள போயிட்டா கார்டு பிடிக்க ஆளே கிடையாது, புளூஸ்ல திரும்பத் திரும்ப வர்ற பன்னெண்டு பார் சுத்துல நாம இப்ப எங்க இருக்கோம், எப்ப நாலாவது சுரத்தோட கார்டுக்கு போறோம், எப்ப திரும்பி வீட்டுக்கு, அதாவது முதல் கார்டுக்கு வரோம்னு எல்லாத்தையும் பேஸ் ஒண்ணே சொல்லியாகணும், அதுவும் ஷஃபிள்னா (புளூஸ்ல வர்ற ஊஞ்சலாடுற மாதிரி தாளம்) டிரம்ஸ்ல கால்ல அடிக்கிற கிக்கும் பேஸும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி விழணும், கொஞ்சம் முந்துனாலும் பாட்டு ஓட ஆரம்பிச்சிடும். ஷானன் அதிகமா எதுவும் வாசிக்க மாட்டார். ஸ்டீவி எவ்ளோ தூரம் போனாலும் திரும்பி வர தரை அங்கயே இருக்கும்.

நல்லதா மட்டும் சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். பேர் வந்ததும் போதையும் கூடவே வந்துச்சு. 1986-ல டூர்லயே ஸ்டீவி உடம்பு முடியாம விழுந்துட்டார், ரெண்டு பேரும் ஒரே சமயத்துல சிகிச்சைக்கு போனாங்க, ஸ்டீவி ஜார்ஜியாவுல, டாமி ஆஸ்டின்ல. தெளிஞ்சு வந்து 1989-ல 'இன் ஸ்டெப்' ஆல்பம் போட்டாங்க, கிராமி கிடைச்சது. அடுத்த ஆகஸ்ட் 27, விஸ்கான்சின்ல ஒரு கச்சேரி முடிஞ்சு கிளம்புன ஹெலிகாப்டர் விழுந்து ஸ்டீவி போயிட்டார். 35 வயசு.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். கிட்டாரிஸ்ட் ரெண்டு பேர் இவர் வாழ்க்கைல வந்தாங்க, ஒருத்தர் விட்டுட்டு போனார், இன்னொருத்தர் செத்தே போனார். டிரம்மர்ங்கதான் கூட நின்னாங்க. ஜானி போனப்புறமும் டர்னரும் இவரும் கிராக்கர்ஜாக்னு ஒரு பேண்ட் வச்சாங்க. ஸ்டீவி போனப்புறம் லேட்டனும் இவரும் ஆர்க் ஏஞ்சல்ஸ், அப்புறம் ஸ்டோரிவில்னு ஒவ்வொரு பேண்டுக்கும் ஜோடியாவே போனாங்க. 2015 ஏப்ரல் 18 ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல ஸ்டீவி பேரோட இவங்க பேரையும் சேத்தாங்க, அன்னைக்கு டாமிக்கு 69-வது பொறந்தநாள்.

நீங்களோ அந்த கிட்டாரிஸ்ட்டை பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க (இங்க சுருக்கிட்டோம்), டிரம்மரை பத்தி ஒரே வரி.

கடை வேலைய விடாதீங்க, மாமாகிட்ட ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு கேளுங்க. பேஸை விக்க வேணாம். அந்த டிரம்மருக்கு இன்னைக்கு சாயங்காலமே போன் போடுங்க, கிட்டார் யாருன்னு இப்ப பேசவே வேணாம், நீங்க ரெண்டு பேரும் மட்டும் ஒரு மெதுவான ஷஃபிளை அரைமணி நேரம் நிறுத்தாம வாசிச்சு பாருங்க. ரெண்டு வருஷம் கவர்லயே கெடந்திருந்தா ஸ்ட்ரிங் துரு ஏறியிருக்கும், மாத்திட்டு போங்க.