மாடல் கார் பெயின்ட்: டேப்புக்கு அடியில் கசிவதும் வேறு சில சந்தேகங்களும்

கூரை வெள்ளை, கீழே சிவப்பு என்று இரட்டை வண்ணத்தில் கார் செய்கிறேன். டேப்பை உரித்தால் சிவப்பு உள்ளே கசிந்து கோடு பிசிறு பிசிறாக இருக்கிறது. என்ன செய்வது?

வெளிர் நிறத்தை முதலில் அடித்தது சரி. அதை மாற்ற வேண்டாம். சிக்கல் டேப்பின் விளிம்பில் இருக்கிறது. சுருளின் பக்கவாட்டு ஓரம் மேசையிலும் டப்பாவிலும் கிடந்து தூசியும் நூலும் ஒட்டியிருக்கும். அந்த ஓரத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. டேப்பைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்துவிடுங்கள். அந்தப் புது ஓரத்தைத்தான் கோட்டில் வைக்க வேண்டும்.

ஒட்டியதும் பல் குச்சியின் மழுங்கிய முனையால் ஓரத்தை மட்டும் அழுத்தித் தேயுங்கள். மஞ்சள் மாஸ்கிங் டேப் என்றால் நன்றாகப் படிந்த இடம் சற்று அடர்ந்து தெரியும். வெளிறித் தெரியும் இடத்தில் இன்னும் காற்று இருக்கிறது. கதவு இடுக்கைக் கோடு கடக்கும் இடத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள், பெரும்பாலான கசிவு அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் நுழையும்.

அடுத்த படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிவப்பு அடிக்கும் முன் டேப்பின் ஓரத்தின் மேல் அதே வெள்ளையையோ கிளியரையோ (நிறமில்லாத பூச்சு) மெல்லியதாக ஒரு தடவை அடியுங்கள். கசிவது வெள்ளைதானே, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடைவெளி அடைபட்டுவிடும். அது காய்ந்தபின் சிவப்பைப் பல மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள். ஒரே பூச்சில் மூட நினைத்தால் டேப் ஓரத்தில் பெயின்ட் தேங்கி, உரித்தபின் வரப்பு மாதிரி நிற்கும்.

கடைசிப் பூச்சு கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பை எடுத்துவிடலாம். மேல் நோக்கி இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்துப் பின்னோக்கி மெதுவாக உரியுங்கள்.

சக்கர வளைவில் டேப் சுருக்கம் விழுகிறது.

அகலமான டேப் வளையாது. 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய டேப்பால் வளைவை வரைந்துவிட்டு, மீதியை அகல டேப்பாலும் காகிதத்தாலும் மூடுங்கள். வளைவுக்கென்றே வரும் வினைல் டேப்பும் நல்லது. ஆனால் அதை இழுத்து ஒட்டாதீர்கள். சிறிது நேரத்தில் சுருங்கி எழும்பிவிடும்.

சிவப்பு பிளாஸ்டிக் பாடி. எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் இளஞ்சிவப்பாகிறது.

பிளாஸ்டிக்கில் கலந்த சாயம் பெயின்டின் கரைப்பானில் கரைந்து மேலே ஏறி வருகிறது. இன்னும் வெள்ளை அடித்துப் பயனில்லை, பேனல் கோடுகள்தான் மூடிப்போகும். முதலில் சில்வர் ஒரு பூச்சு கொடுங்கள். அதிலுள்ள உலோகத் துகள்கள் சாயத்தைத் தடுக்கும். அதன் மேல் வெள்ளை ப்ரைமர் (அடிப்பூச்சு), அப்புறம் நிறம்.

மாடல் பெயின்ட் விற்கும் டாமியா நிறுவனத்தில் டிஎஸ், பிஎஸ் என இரண்டு ஸ்ப்ரே இருக்கிறதே, எது?

கிட்டில் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டி) வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பாடிக்கு டிஎஸ். பிஎஸ் என்பது ரிமோட் கார்களின் ஒளிபுகும் பாலிகார்பனேட் பாடிக்கு உரியது, கிட்டின் மேல் அடிக்க வேண்டாம். நிஜக் காருக்கான ஸ்ப்ரேயை நேராக அடித்தால் அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கை அரித்து வெடிப்பு விடலாம். இன்னொன்று: காய்ந்த லாக்கரின் (கடுமையான கரைப்பான் உள்ள, வேகமாகக் காயும் பெயின்ட்; டிஎஸ் இந்த வகை) மேல் எனாமல் (மென்மையான கரைப்பான் உள்ள, மெதுவாகக் காயும் பெயின்ட்) போகலாம், எனாமலின் மேல் லாக்கர் போனால் சுருங்கி எழும்பும்.

பளபளப்பு வரவில்லை. மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறது.

பெயின்ட் பாடியில் விழுந்து பரவுவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. தொலைவிலிருந்து அடிக்கிறீர்கள், அல்லது கேன் குளிர்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கேனைச் சற்று நேரம் நிறுத்தி, துடைத்து, நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பின் பக்கமோ கொதிநீரிலோ கேனைக் கொண்டுபோகவே கூடாது, வெடிக்கும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் பாடியைத் தாண்டியபின் விடுங்கள். முதல் இரண்டு பூச்சும் தூவல் போதும். கடைசிப் பூச்சு மட்டும் ஈரமாக விழட்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்படலமாகிவிடும்.

ஏற்கெனவே அடித்ததை உரிக்க வேண்டியதில்லை. முழுதாகக் காய்ந்தபின் 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இதமாகத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போடுங்கள். முனைகளையும் மடிப்புகளையும் தொடாதீர்கள், அங்கே பூச்சு மெல்லியது. மெட்டாலிக் நிறத்தை மட்டும் நேராகத் தேய்க்கக் கூடாது. துகள்கள் அறுபட்டு நிறம் திட்டுத்திட்டாகும். கிளியர் அடித்து அதைத் தேயுங்கள்.

முழுதாகக் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

மூக்கால்தான். பாடியை மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். பெயின்ட் வாடை வந்தால் கரைப்பான் இன்னும் வெளியேறுகிறது என்று பொருள். அந்த நிலையில் ஒட்டும் டேப் அச்சு விட்டுப்போகும். தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, உள்ளே இறுகிவிட்டது என்பது வேறு. நான் பார்த்த கெட்டுப்போன பாடிகளில் பல, இந்த இரண்டாவது நிலைக்குக் காத்திருந்தால் தப்பித்திருக்கும்.

ஜன்னலைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பர் ஓரம் தூரிகையில் நேராக வரவில்லை.

டேப்பை அந்த மேடான ஓரத்தின் மேலேயே ஒட்டி, பல் குச்சியால் படியவைத்து, மேட்டின் அடிவாரத்தை ஒட்டிப் புது பிளேடால் அழுத்தமே இல்லாமல் வெட்டி, மேட்டின் மேலுள்ள டேப்பை மட்டும் உரித்துவிட்டுக் கறுப்பு அடியுங்கள். தூரிகைதான் வசதி என்றால் எனாமல் கறுப்பைப் பயன்படுத்துங்கள். தாண்டிப்போனதை எனாமல் தின்னரில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், இறுகிய லாக்கருக்கு ஒன்றும் ஆகாது. குரோம் ஓரங்களுக்கு மெல்லிய உலோகத் தகடு ஒட்டுவது பெயின்டைவிட நன்றாக இருக்கும்.

கிளியர் அடித்ததும் டீகேல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) சுருண்டுவிட்டது.

லாக்கர் கிளியரை முதலிலேயே ஈரமாக அடித்திருப்பீர்கள். டீகேல் நன்கு உலர்ந்தபின், இடைவெளி விட்டுச் சில தூவல் பூச்சுகள். அதற்குப் பிறகுதான் ஈரப் பூச்சு.

சாதாரண முகக்கவசம் போதுமா?

போதாது. அது தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி மாட்டிய கவசம் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். பக்கத்து அறையில்கூடத் தீ எரியக் கூடாது. சிறுவர்கள் ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் அவர்கள் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் கவசம் கிடைக்கும்வரை தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கும் தூரிகையும் கொடுங்கள்.