'சாலிட்யூட்', 'லோன்லி', 'அலோன்': தனிமைக்கான ஆங்கிலச் சொற்கள் – கேள்வி பதில்

'சாலிட்யூட்', 'லோன்லினஸ்' இரண்டுக்கும் அகராதியில் 'தனிமை' என்றே இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதலாமா?

எழுதக்கூடாது. 'லோன்லினஸ்' ஓர் உணர்வு: துணை வேண்டும், கிடைக்கவில்லை என்ற ஏக்கம். 'சாலிட்யூட்' ஒரு நிலை: அருகில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஏக்கம் இருந்தாக வேண்டும் என்பதில்லை; பெரும்பாலும் விரும்பித் தேடிக்கொண்ட தனிமையையே இன்று அந்தச் சொல் குறிக்கிறது. அதனால் 'ஷி என்ஜாய்ஸ் சாலிட்யூட்' இயல்பான வாக்கியம். அதில் 'லோன்லினஸ்' என்று மாற்றினால் முரணாகிவிடும். கூட்டத்துக்கு நடுவிலும் ஒருவர் 'லோன்லி'யாக இருக்கலாம். 'சாலிட்யூட்' வேண்டுமென்றால் வழக்கமாகக் கூட்டத்தை விட்டு விலகத்தான் வேண்டும்.

சந்தேகம் வந்தால், தமிழில் யோசித்த வாக்கியத்துக்கு முன்னால் 'பாவம்' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'லோன்லினஸ்' பக்கம் போங்கள்.

ஆனால் 'சாலிட்யூட்' என்றாலே இனிமை என்று சில இடங்களில் சொல்லித்தருகிறார்களே, அது சரியில்லை. முதுமை, துக்கம் பற்றிய எழுத்தில் அதே சொல் கனத்த பொருளிலும் வரும். பக்கத்தில் நிற்கும் வினையைக் கவனியுங்கள். 'சீக்', 'என்ஜாய்', 'வேல்யூ' இருந்தால் இதமான தனிமை. 'என்ட்யூர்' வந்தால் சகித்துக்கொண்ட தனிமை.

'வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் லோன்லி அட் ஹோம்' என்று எழுதினேன். சிரித்தார்கள். என்ன தவறு?

இலக்கணத் தவறு ஒன்றுமில்லை. 'வீட்டில் துணையில்லாமல் வாடுகிறேன்' என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல நினைத்தது 'ஐ ஆம் அலோன் அட் ஹோம்'. தனியாக வசிக்கிறேன் என்றால் 'ஐ லிவ் அலோன்'. இங்கே 'ஐ லிவ் லோன்லி' என்று எழுதுவது தவறு. 'லி' என்று முடிவதால் அதை வினையடை என்று நினைத்துவிடுகிறோம், அது பெயரடை.

'அலோன்' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்காது. 'தி மேன் இஸ் அலோன்' சரி, 'ஆன் அலோன் மேன்' தவறு. 'அஸ்லீப்', 'அவேக்' போன்றவற்றுக்கும் இதே கட்டுப்பாடுதான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'லோன்' அல்லது 'சாலிட்டரி' போடுங்கள்: 'எ லோன் ட்ரீ' என்றால் ஒற்றை மரம். இத்தனைக்கும் 'ஆல்', 'ஒன்' என்ற இரண்டும் ஒட்டிப் பிறந்ததுதான் 'அலோன்'. அதன் தலை உதிர்ந்து 'லோன்' ஆயிற்று, அதிலிருந்து 'லோன்லி' வந்தது.

இடத்தைச் சொல்லும்போது 'லோன்லி'க்குப் பொருள் மாறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எ லோன்லி ரோடு' என்றால் ஆள் நடமாட்டமில்லாத சாலை.

'எ சாலிட்யூட்', 'சாலிட்யூட்ஸ்' என்று எழுதலாமா?

பொதுவாக வேண்டாம், அது எண்ண முடியாத பெயர். 'இன் சாலிட்யூட்' என்று 'எ', 'தி' இல்லாமல் வரும். யாருடையது, எதனுடையது என்று குறிப்பிட்டால் மட்டும் 'தி' சேரும்: 'தி சாலிட்யூட் ஆஃப் தி மவுண்டன்ஸ்'. ஆளற்ற வெளிகள் என்ற பொருளில் பன்மையைப் பழைய கவிதைகளில் பார்க்கலாம். தேர்வுத்தாளில் எழுதாதீர்கள்.

'லீவ் அலோன்', 'லெட் அலோன்' இரண்டும் ஒன்றா?

'லீவ் மீ அலோன்' என்றால் 'என்னைத் தொந்தரவு செய்யாதே'. 'லெட் அலோன்' வேறு வேலை செய்வது. 'அவரால் நடக்கவே முடியவில்லை, ஓடுவதாவது!' என்கிறோமே, அது 'ஹி காண்ட் வாக், லெட் அலோன் ரன்'. இங்கே 'லீவ் அலோன்' போடுவது இந்திய ஆங்கிலத்தில் காதுக்குப் பழகிப்போனது. தேர்விலும் அச்சிலும் தவிர்த்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது வரிசையில். முதல் பகுதி எதிர்மறையாக இருக்க வேண்டும். எளிய செயல் முதலில், கடினமானது பின்னால். 'ஹி காண்ட் ரன், லெட் அலோன் வாக்' என்று திருப்பிப் போட்டால் ஓடுவதைவிட நடப்பது கடினம் என்றாகிவிடும். பின்னால் வரும் வினைக்கு முன் 'டு' வேண்டாம்.

'சோலோ', 'சோலார்', 'சாலிட்' எல்லாம் 'சாலிட்யூட்' குடும்பமா?

'சோலோ' மட்டும். தனித்த என்று பொருள்படும் 'சோலுஸ்' என்ற லத்தீன் சொல்தான் வேர். ஒரே உரிமையாளர் என்பதில் வரும் 'சோல்', ஒற்றைக்கல் மோதிரத்துக்கும் ஒருவர் ஆடும் சீட்டாட்டத்துக்கும் பெயரான 'சாலிட்டேர்', பாழடைந்த என்னும் 'டெசலேட்' மூன்றும் உறவுக்காரர்கள். சிடுசிடுப்பைக் குறிக்கும் 'சல்லன்' கூட அங்கிருந்து வந்ததுதான். 'சோலார்' சூரியனிலிருந்து வந்தது. 'சாலிட்', செருப்பின் 'சோல்' இரண்டுக்கும் வேறு வேர்கள்.

மொழிபெயர்க்கும்போது 'சாலிட்யூட்' வந்தால் 'ஏகாந்தம்' என்று போட்டுவிடலாமா?

எல்லா இடத்திலும் போடாதீர்கள். ஏகாந்தத்தில் அமைதியும் ஒருவித நிறைவும் ஏறியிருக்கின்றன. மலை, தியானம், விரும்பி ஒதுங்கிய வாழ்க்கை என்றால் கச்சிதமாகப் பொருந்தும். மனைவியை இழந்த முதியவரின் 'சாலிட்யூட்' ஏகாந்தம் ஆகாது.

என் பரிந்துரை 'தனிமை'தான். ஆங்கிலம் இரண்டு பெயர்ச்சொற்களால் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் வினையால் காட்டிவிடும். 'தனிமையை நாடினாள்' என்றால் 'சாலிட்யூட்', 'தனிமையில் வாடினாள்' என்றால் 'லோன்லினஸ்'. வெறுமனே 'தனிமையில் இருந்தாள்' என்று விட்டால்தான் இரண்டும் குழம்பும். மொழிபெயர்ப்புகள் பல தட்டையாகப் போவது இந்த இடத்தில்தான். ஏக்கத்துக்குப் பழந்தமிழில் தனிச்சொல்லும் இருந்தது. 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். இன்று புலம்பல் என்றால் வாய்விட்டு அரற்றுவது என்றாகிவிட்டதால் அதை மீட்டு எழுதினால் வாசகருக்குப் புரியாது.

தனிமைச் சிறைக்கு 'சாலிட்யூட்' வருமா?

வராது. 'சாலிட்டரி கன்ஃபைன்மென்ட்'. சுருக்கமாக 'இன் சாலிட்டரி' என்றாலே போதும். நோயாளியைப் பிரித்து வைப்பது 'ஐசலேஷன்'. நோய்த்தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று கருதப்படுபவரை ஒதுக்கி வைப்பது 'குவாரன்டீன்'.

'சாலிசிட்யூட்' என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். அச்சுப்பிழையா?

இல்லை. அது வேறு சொல், பொருள் அக்கறை, கரிசனம். நடுவில் 'சி' ஒலி இருக்கிறதா என்று பாருங்கள். 'தேங்க் யூ ஃபார் யுவர் சாலிசிட்யூட்' என்பது கரிசனத்துக்கு நன்றி.

'சாலிட்யூட்' உச்சரிப்பு?

அழுத்தம் முதல் அசையில். பிரிட்டிஷ் முறையில் 'சொலிட்யூட்', அமெரிக்க முறையில் 'சாலடூட்'. இரண்டில் எதை எடுத்தாலும் கடைசி அசையை உரக்கச் சொல்லாதீர்கள்.